வாசகர் கேள்விகள்: நடந்ததும் எழுதியதும்

போன இதழில் ஆசிரியர் ஓர் ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டு, "பெண்கள் தங்கள் வாழ்க்கையைக் கதையாக்குவது பற்றிக் கேளுங்கள்" என்று அச்சடித்துவிட்டார். ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் கடிதங்களில் கடைசி வரி ஒன்றுதான்: "பெயர் போட வேண்டாம்." சிலருக்குப் போட்டு, சிலருக்கு விட்டால் நன்றாக இருக்காது என்று எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஊர்ப் பெயரையும்தான். சின்ன ஊராக இருந்தால், ஊரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் நான் பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் கதையாக எழுதினேன். "சம்பவமாக இருக்கிறது, கதையாக இல்லை" என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. அத்தனையும் நடந்தது அம்மா. பிறகு எப்படிக் கதையாகாமல் போகும்?

எனக்கு இதே பதில் மூன்று முறை வந்திருக்கிறது. ஒரே கதைக்கு.

என் அக்காவை ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அப்போது ஆறாவது. வீட்டில் ஒரே சம்பளம், எனக்குக் கீழே ஒரு தம்பி. யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் மூத்த பெண்ணைத்தானே நிறுத்துவார்கள்? எழுத ஆரம்பித்ததும் என் முதல் கதை இதுதான் என்று முடிவு செய்து, பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அப்பா கத்தினார், அம்மா அழுதாள், அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தது. அடுத்த தடவை அப்பா பக்கத்து நியாயத்தையும் சேர்த்தேன். திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அக்காவே சொல்வதுபோல எழுதினேன். அதற்குக் கடிதம்கூட இல்லை, வெறும் உறை.

பல வருடம் கழித்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக ஓர் இரவு ஷிஃப்ட். போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது: அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்று தடவை எழுதியும், அந்த வீட்டில் நான் எங்கேயுமே இல்லை. யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்தது. அக்காவின் ஜியோமெட்ரி பெட்டியை அன்று சாயங்காலம் என்னிடம் கொடுத்தார்கள். மஞ்சள் தகரப் பெட்டி, மூடியில் கொஞ்சம் துரு. ராத்திரி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. இது கிடைத்ததும் கதை நாலு பக்கத்தில் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு வரிதான். அழுகை எங்கேயும் இல்லை. அனுப்பிய பத்திரிகையில் வந்தது.

உங்கள் கதையை நான் படிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அதில் மாமியார் என்ன செய்தார், கணவர் என்ன செய்தார் என்று இருக்கும், நீங்கள் அழுததைத் தவிர என்ன செய்தீர்கள் என்று இருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதே விஷயத்தைச் சொல்லும்போது, ஓர் இடத்தை மட்டும் தாண்டிப் போவீர்கள். நீங்கள் பதிலுக்குச் சொன்ன ஒரு சுடுசொல்லாக இருக்கலாம், வேண்டுமென்றே போட்டு உடைத்த ஒரு டம்ளராக இருக்கலாம். அந்த இடத்திலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். உங்கள் மேல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பட்டதை மட்டும் எழுதினால் அது மனு. மனுவில் எழுதுகிறவருக்கு முகம் இருப்பதில்லை, கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், பாரி மகளிர் பாட்டு, புறநானூற்றில் 112. அப்பாவைக் கொன்று மலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் எழுதியது ஐந்தே அடி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். யார் ஏமாற்றினார்கள், எப்படி முற்றுகையிட்டார்கள், ஒன்றும் கிடையாது. பகைவர்களுக்கு "வென்றெறி முரசின் வேந்தர்" என்று நாலே சொல். அந்த "வென்று" என்ற சொல்லில் கொஞ்சம் குத்தல் இருப்பதாகப் பழைய உரைகாரர்கள் சொல்வார்கள். நாம் பன்னிரண்டு பக்கத்தில் கத்துகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவகாமி 1989-இல் 'பழையன கழிதலும்' நாவலை எழுதினார். பிறகு அதே நாவலைத் தானே திரும்ப எடுத்து, இதில் எதை எழுதினேன், எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று விசாரிக்கும் 'ஆசிரியர் குறிப்பு' என்ற இன்னொரு நாவலை எழுதினார். அச்சில் வந்து பெயரும் வாங்கித் தந்த புத்தகத்தையே கூண்டில் ஏற்றியிருக்கிறார். திரும்பி வந்த ஒரு கதையை நாம் இன்னொரு தடவை எழுதக்கூடாதா?

சொந்தக்காரர்களைப் பற்றி எழுதினால் சண்டை வருமே. பெயரை மாற்றிவிட்டால் போதுமா?

போதாது. சரோஜா என்பதை சாரதா என்று மாற்றுவீர்கள். ஆனால் அதே கெந்தல் நடை, அதே வெற்றிலைப் பெட்டி, அதே மூன்றாவது மருமகள். கல்யாண வீட்டில் முதல் பந்தி முடிவதற்குள் தெரிந்துவிடும். சட்டப்படியும் பெயர் மாற்றம் ஒரு கவசம் இல்லை. படித்தவர்களுக்கு ஆள் இன்னார்தான் என்று தெரிந்தால் அவதூறு வழக்குப் போட இடம் உண்டு.

இந்தப் பிரச்சினைக்கு நம் ஆட்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி போட்டிருக்கிறது. தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். எந்த ஊர்த் தலைவி, யார் வீட்டுத் தோழி என்று கேட்கக்கூடாது. எத்தனை பெண்கள் தங்கள் சொந்தத் துக்கத்தை இந்தத் திரைக்குப் பின்னால் நின்று பாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வெள்ளிவீதியார் பாட்டுகளைப் பாருங்கள். கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்துவதுபோல என் அழகு வீணாகிறது என்கிறார் குறுந்தொகையில். பெயர் இல்லை, ஊர் இல்லை. அதில் வேடிக்கை என்னவென்றால், அகநானூறு 147-ஆம் பாட்டில் ஔவையார், "வெள்ளி வீதியைப் போல" நானும் பிரிந்துபோன தலைவனைத் தேடிக் கிளம்பிவிடலாமா என்று இருக்கிறது என்று பாடிவிட்டார். அவர் பாட்டில் மறைத்ததை இவர் பெயர் சொல்லி ஊருக்கே தெரியவைத்துவிட்டார். எழுத்தாளத் தோழிகளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது சங்க காலத்திலிருந்தே உண்டு!

நடைமுறையில் நான் செய்வது இதுதான்: பெயரை விட்டுவிட்டு வேலையை மாற்றுவேன், வயதை மாற்றுவேன், இரண்டு ஆட்களை ஒருவராக்குவேன். சித்தியின் கோபத்தை எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் உடம்பில் ஏற்றியிருக்கிறேன். கோபம் மட்டும்தான் நிஜம், ஆள் நான் செய்தது. அப்படிச் செய்யும்போது ஒரு லாபமும் உண்டு. சித்தி என்றால் "அவள் அப்படித்தான்" என்று நின்றுவிடுவேன். சூப்பர்வைசர் என்றதும் இவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நானே கேட்டுப் பதில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் மாற்ற முடியாத எழுத்தும் இருக்கிறது. பாமா தன் வாழ்க்கையையே எழுதிய 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் சாதியையும் மடத்தையும் மாற்றிப்போட்டால் அந்தப் புத்தகமே இல்லை. ஏழு வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து எழுதியது. சொந்த ஊரிலேயே முதலில் கோபப்பட்டார்கள், சில மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். அந்த விலையைக் கொடுக்கத் தயாரா என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியில் உட்கார்ந்துகொண்டு "தைரியமாக எழுதுங்கள்" என்று பதில் போடுவது எனக்குச் சுலபம். அடி வாங்கப்போவது நான் இல்லையே.

நான் வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதே இல்லை. எழுத ஆசை இருக்கிறது, ஆனால் அனுபவம் எங்கே இருக்கிறது?

கவிஞர் சல்மாவைப் பெரிய பெண்ணானதும் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். வீட்டுக்குள்ளேயே வருடங்கள் போயின. யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் கழிவறைக்குள் போய்க் கவிதை எழுதினார். தன் பெயரில் போட முடியாததால்தான் சல்மா என்ற புனைபெயரே வந்தது. 2004-இல் வந்த அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' கிட்டத்தட்ட முழுக்க வீடுகளுக்கு உள்ளேதான் நடக்கிறது. வெளியே போகாதவர் எழுதியது என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. வெளியே போகிறவர்களுக்கு அந்த வீடுகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது அல்லவா?

அதற்கும் முன்னால் வை.மு.கோதைநாயகி. ஐந்து வயதிலேயே கல்யாணம், பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்ல வரும், எழுத வராது. முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925-இலிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். கடைசியில் 115 நாவல்கள். என் வாழ்நாளில் நான் எழுதிய கதைகளையெல்லாம் சேர்த்தால்கூட அந்த எண்ணிக்கை வராது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதையைத் தேடிப் படியுங்கள். பெரிய வீடு, ஏகப்பட்ட அறைகள், சமையலறை மட்டும் இருட்டாக ஒரு மூலையில். மருமகள் அதைக் கொஞ்சம் வசதியாக்குவது பற்றிப் பேசுகிறாள், பெரியவர் முகம் மாறுகிறது. அந்த ஒரு சமையலறையை வைத்து அந்தக் குடும்பத்தையே காட்டிவிடுகிறார்.

இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று எழுதுங்கள். நாற்காலி யாருக்கு, கட்டில் விளிம்பு யாருக்கு, வாசல்படி யாருக்கு, யாருக்கு உட்காரவே இடம் இல்லை. காரணம் எழுத வேண்டாம், இடம் மட்டும் போதும். ஒரு பக்கம் முடிந்ததும் திரும்பப் படியுங்கள்.

பெண்கள் எது எழுதினாலும் "உங்களுக்கு நடந்ததா?" என்று கேட்கிறார்களே, என்ன பதில் சொல்வது?

விதவையைப் பற்றி நான் ஒரு கதை எழுதினேன். அடுத்த வாரம் என் கணவருக்கு இரண்டு பேர் போன் செய்து நலம் விசாரித்தார்கள். அவர் "இன்னும் இருக்கிறேன்" என்றார். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

உரையாடல் எழுத வரவில்லை. என் பாத்திரங்கள் எல்லோரும் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

டிரங்க் போர்டில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: அப்போது வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் நம்பரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடக் கணக்கில் காசு. மூன்று நிமிடம் ஆனதும் நாங்கள் உள்ளே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்று கேட்போம். நிறையப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஒரு போன்காலையும் நான் கதையாக்கியதில்லை. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காதில் விழுந்தவைதான், அதில் நான் எடுத்துக்கொண்டது பேச்சின் வடிவத்தை மட்டும். முதல் இரண்டரை நிமிடம் மழை பெய்ததா, பாட்டிக்கு முட்டி வலி எப்படி, சின்னவன் பள்ளிக்குப் போகிறானா என்றே போகும். எங்கள் குரல் கேட்டதும் ஒரு வினாடி நிசப்தம். அப்புறம்தான், எதற்காகக் காசு கொடுத்து காத்திருந்து போன் போட்டார்களோ அந்த விஷயம், அவசர அவசரமாக வரும். பாதிப் பேருக்கு அப்போதும் வராது. "சரி, வச்சுடறேன்" என்று வைத்துவிடுவார்கள்.

உங்கள் பாத்திரங்கள் முதல் வரியிலேயே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் மேடை மாதிரி இருக்கிறது. அவர்களை முதலில் மழையைப் பற்றிப் பேசவிடுங்கள்.

நான் படித்த, நகரத்துப் பெண். கட்டட வேலை செய்யும் பெண்களைப் பற்றி நாவல் எழுத நினைக்கிறேன். அது என் வாழ்க்கை இல்லையே, எழுதலாமா?

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர், மாற்றலாகும் ஊருக்கெல்லாம் கூடப் போக வேண்டும். "வந்த இடத்தில் சமையல் செய்துகொண்டு இருந்தேன்" என்று இருந்திருக்கலாம். நீலகிரியில் இருந்தபோது அங்கே வாழும் படகர் சமூகத்தைக் கவனித்து 'குறிஞ்சித் தேன்' எழுதினார். பிறகு அதையே ஒரு வழியாக்கிக்கொண்டார். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், அங்கே வேலை செய்கிறவர்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். மீனவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகள் என்று ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துத்தான் எழுதினார்.

அவர் நாவல்களில் செய்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று ஒரு குறை உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றும். ஆனால் உப்பு பாத்தியில் நிற்கும் காலுக்கு என்ன ஆகும் என்பது நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வராது. அதனால் போங்கள். ஒரு நாள் போய் நாலு போட்டோ எடுத்துவிட்டு வருவது வேண்டாம். அவர்கள் உங்கள் முன்னால் சண்டை போடுகிற அளவுக்குப் பழகும்வரை போங்கள். எழுதியதை அவர்களில் ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள். கொட்டாவி விட்டால் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதுங்கள்.

என் மனைவி ராத்திரியில் ஏதோ எழுதுகிறார். கேட்டால் காட்டுவதில்லை. என்னைப் பற்றியா என்று கேட்டால் சிரிக்கிறார். என்ன செய்யலாம்?

தம்பி, காலையில் குழந்தைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றித்தான் என்றால், அதில் இதுவும் சேரும்.

எழுதினால் மனபாரம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

சிலருக்குக் குறையலாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போகும், தலைவலி வரும். பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்றால் நம்பிக்கையான ஆளிடம் பேசுங்கள், தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஒரு விஷயத்தை எழுதும்போது கை இன்னும் நடுங்குகிறது என்றால், எழுதி உள்ளே வையுங்கள், அச்சுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்தால், அதில் எந்த வரி வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பெரும்பாலும் தேதி மட்டும்தான் தேறியிருக்கிறது.

எனக்கு 71 வயது. என் கதையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் எது நிஜமாக நடந்தது, எது நானாக நினைத்துக்கொண்டது என்று குழம்புகிறது. தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எழுதுங்கள். தப்பு வரும். வருடமும் தேதியும் நினைவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, கையில் இருந்த பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் என்பது மறந்திருக்கும். அன்று கட்டியிருந்த புடவைக் கரை மறக்காது. கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று பஞ்சாயத்து வைக்க வேண்டாம், இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிலில் ஜியோமெட்ரி பெட்டிக் கதையைச் சொன்னேன் அல்லவா? அது அச்சில் வந்ததும் பயந்துகொண்டேதான் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். நான் சந்தோஷப்பட்டதை எழுதியதற்குக் கோபப்படுவாள் என்று பார்த்தால், "ஏன், காம்பஸ் பத்தி எழுதலையா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். பழைய ரசீதுகள், ஒரு ஒற்றைக் கொலுசு, அப்புறம் ஒரு காம்பஸ். அதில் பாதிப் பென்சில் இன்னும் செருகியிருந்தது. அன்று பெட்டியை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாளாம். அடுத்த வருடம் நான் காம்பஸ் இல்லாமல் வகுப்பில் திட்டு வாங்கியதும், பக்கத்துப் பெண்ணிடம் கடன் வாங்கி வட்டம் போட்டதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டி முழுசாக என்னிடம் வந்தது என்றே இத்தனை வருடம் நினைத்து, அப்படியே எழுதியும் விட்டேன்.

இதை வைத்து இன்னொரு கதை எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். நான் எழுதவில்லை. அக்காவுக்கு ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் நாலு பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருக்கிறாள். ஐந்தாவது பக்கத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது.